கம்பத்துக்குக் கம்பம்

நாலு இருபதுக்கு ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் ஏறுவேன்.
கதவு சாத்தியதும் திம்மராயன் உள்விளக்கை அணைத்துவிடுவார்,
"தூங்குறவங்க தூங்கட்டும்."
ஓசூர் போய்ச் சேரும்வரை தூங்குவார்கள், நாற்பத்தாறு பேர்.
நான் துப்பட்டாவுக்கடியில் கியூபை எடுப்பேன்.
காந்தம் வைத்தது, எண்ணூற்றைம்பது ரூபாய்,
முதல் ஓ.டி. பணம்.
இடது தோளில் நஸ்ரீனின் தலை கனக்கும்,
அந்தக் கையை அதிகம் ஆட்ட முடியாது.

என் வியாதி எனக்குத் தெரியும்.
நாய் துரத்தினதுபோல் விரல் ஓடும்,
ஓடிப்போய் முட்டுச்சந்தில் நிற்கும்.
அப்புறம் தேடல்.
பச்சை சிவப்பு விளிம்பு எங்கே,
அதன் மூலை எங்கே,
அடியில் போய் ஒளிந்துகொண்டதா,
பின்னால் இருக்கிறதா.
போனில் படம் பிடித்து எண்ணிப் பார்த்தேன்:
முப்பத்தெட்டு நொடி,
அதில் பதினாலு நொடி கை சும்மா இருக்கிறது.
சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்தாற்போல் இருந்தது.

மெதுவாகத் திருப்பு. நிற்காதே.
திருப்புகிறதைப் பார்க்காதே,
திருப்பப்போகிறதைப் பார்.
சொல்லிவிடலாம்.
கண்ணோ
சந்தையில் முந்தானையைப் பிடித்த பிள்ளை,
கை போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகும்.

டோல்கேட்டில் கல்யாண மண்டபம்போல் வெளிச்சம்.
ஆறு நிறமும் பளிச்சென்று தெரியும்,
தெரிவதால் பறப்பேன்,
மூன்றாவது ஜோடியில் மாட்டுவேன்.
முன்னால் ஒரு தக்காளி லாரி
ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகாமல் நிற்கும்.
அதுவும் நானும் நிற்போம்.

குருபரப்பள்ளி தாண்டியபிறகுதான் எனக்கு வேலை.
இருட்டு. கம்பம்.
இருட்டு. கம்பம்.
திம்மராயன் அறுபதுக்கு மேல் மிதிக்கமாட்டார்.
ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
நாலு திருப்பு, பதறாமல் போனால்.
ஒரு ஜோடிக்கு இரண்டு கம்பம்.
வெளிச்சம் மடியில் ஏறி இறங்குவதற்குள்
அடுத்தது எங்கே என்று பார்த்துவைக்க வேண்டும்.
கையில் இருப்பது இருட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும்.
அதைப் பார்க்க நினைத்தாலும் பார்க்க முடியாது,
அதுதான் சௌகரியம்.

அதிலும் மஞ்சள் விளக்கு.
அதன் கீழே வெள்ளையும் மஞ்சளும் ஒன்று,
சிவப்பும் ஆரஞ்சும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.
வெள்ளையை அடியில் வைத்துப் பச்சையை முன்னால் பிடித்தால்
இடப்பக்கம் சிவப்பு.
நிறத்தை நம்பாமல் அக்கம்பக்கத்தை விசாரித்துப்
போக வேண்டியிருந்தது.

மேலுமலை ஏற்றத்தில் வண்டி முக்கும்.
கம்பம் தாமதமாக வரும்.
விரல் முன்னால் போய்விடத் துடிக்கும், விடமாட்டேன்.
திருப்புக்கும் திருப்புக்கும் நடுவே மூச்சு நீளும்,
நிற்பதில்லை, நீளும், அவ்வளவுதான்.
இறக்கத்தில் கொஞ்சம் வேகம்.
மூன்று வாரம் இப்படி,
பாதியிலேயே சூளகிரி வந்துவிடும்,
நிறம் கலைந்த ஒன்றை டிபன் பையில் போட்டுக்கொள்வேன்.

போன செவ்வாய்
நாலாவது ஜோடியில் ஒரு கம்பம் எரியவில்லை.
நீண்ட இருட்டு.
முந்தின வெளிச்சத்தில் பார்த்தது
கண்ணுக்குள் அப்படியே இருந்தது,
பின்பக்கம், வலது மூலை.
கை அங்கே போனது.
கடைசித் திருப்பில் காந்தம் 'டிக்'கென்றபோது
நஸ்ரீன் விழித்து, "எறங்கணுமா?" என்றாள்.
"தூங்குடி."
டைமர் இல்லை. எண்ணியது கம்பம்தான்: பத்தொன்பது.
நொடிக்கணக்கில் பழைய சாதனையைத் தொட்டிருக்காது.
நிற்கவில்லை, ஒரு இடத்திலும்.

கேட்டில் செக்யூரிட்டி கியூபை லாக்கரில் வைக்கச் சொன்னார்.
ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது.
ஒரு பலகைக்கு நாலு ஸ்க்ரூ.
வேதவல்லி அக்கா பின்னால் வந்து நின்று,
"கையப் பாத்து செய்யி, எங்கயோ பாக்குற" என்றார்.
அவர் சொல்லி முடிப்பதற்குள்
நாலாவது ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
இரண்டு பலகை தள்ளி வருவதை,
அதன் இடது மூலையில்
ரப்பர் இல்லை.